புலி ஏன் மலையடிவாரத்தில் குதித்தது? கணினி ஆட்டங்களில் ‘பக்’ என்றால் என்ன?

கோத்தகிரியில் ஆடி மாதம் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். மூடுபனி சன்னல்வரை வந்து நிற்கும். அப்படி ஒரு மாலையில் அக்கா மகன் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தான். “மாமா, புலி பறக்குது!”

பிளஸ் டூ படிக்கிறான். பாடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி வருகிறது. அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று ஆடு புலி ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவர உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டுச் சிமென்டு வாசலில் அவன் பாட்டி கரிக்கட்டையால் கோடு கீறி, தைலமரக் காய்களை ஆடாகவும் மூன்று கூழாங்கற்களைப் புலியாகவும் வைத்துக் கற்றுக்கொடுத்த அதே ஆட்டம்தான். பக் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், இனிமேல் அவனுடைய அந்தப் பறக்கும் புலியைத்தான் காட்டப்போகிறேன்.

மறந்தவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. மலை போன்ற ஒரு முக்கோணம். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் கீழே இறங்குகின்றன. குறுக்கே மூன்று கோடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். அடியில் ஒரு கோடு, அதில் நான்கு. மொத்தம் 23 புள்ளிகள். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாவி ஆட்டை வெட்டும். புலிகள் நகர வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. நீங்கள் ஒன்று நகர்த்த வேண்டும், அப்புறம் நான் நகர்த்த வேண்டும். முறை வைத்து ஆடும் ஆட்டம் என்பது இதுதான். சதுரங்கம் அந்த ரகம். கணினியில் ‘சிவிலைசேஷன்’, ‘எக்ஸ்காம்’, காசில்லாமல் கிடைக்கும் ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ எல்லாமே அந்த ரகம்தான். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும்.

பையன் 23 புள்ளிகளுக்கும் எண் போட்டிருந்தான். உச்சிக்கு 0. முதல் குறுக்குக்கோட்டுக்கு 1 முதல் 6. அடுத்ததற்கு 7 முதல் 12. அதற்கடுத்து 13 முதல் 18. அடிக்கோட்டுக்கு 19 முதல் 22. ஒரு வரிசையில் ஆறு புள்ளி இருப்பதால், மேலே ஏற வேண்டுமானால் ஆறைக் கழித்தால் போதும் என்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தான். 15-லிருந்து மேலே போனால் 9, அதற்கு மேலே 3. கணக்கு அழகாக வருகிறது. தாவுவதென்றால் இரண்டு படி, அதாவது பன்னிரண்டைக் கழிக்க வேண்டும்.

இப்போது புலி 9-ல் நிற்கிறது. 3-ல் ஆடு. உச்சி காலி. புலி ஆட்டைத் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். நானே அவன் கணினியில் ஆடிப் பார்த்தேன். ஆடு மறைந்தது. ஆனால் புலி உச்சியில் இல்லை. மலையின் அடிவாரத்தில், 20-ஆம் புள்ளியில் உட்கார்ந்திருந்தது. மறுபடி ஆடினேன். மறுபடியும் 20.

காரணம் இதுதான். 9-லிருந்து 12-ஐக் கழித்தால் −3. அப்படி ஒரு புள்ளியே கட்டத்தில் கிடையாது. மனிதன் என்றால் அங்கேயே தலையைச் சொறிவான். பைத்தான் சொறியாது. அந்த மொழியில் ஒரு வரிசையின் −1 என்றால் கடைசி ஆள், −2 என்றால் கடைசிக்கு முந்தையவர், −3 என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது. 22, 21, 20. ஆக −3 என்பது 20. புலி சமர்த்தாக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. 22-க்கு மேலே எண் போனால் தடுக்க வேண்டும் என்று பையன் எழுதியிருந்தான். சுழிக்குக் கீழே போகும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கணினி இங்கே தப்பே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியதை எழுதியபடி செய்தது. பையன் மனதில் நினைத்தது ஒன்று, கையால் எழுதியது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு விரிசல். அந்த விரிசலுக்குத்தான் பக் என்று பெயர். ‘கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுடுச்சு’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்காது.

பக் என்றால் பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சுவிட்சுக்குள், நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல் அன்றுதான் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். இல்லை, எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் கோளாறைப் பூச்சி என்றுதான் சொல்லிவந்தார்கள். அதனால்தான் நிஜப் பூச்சியே கிடைத்ததும் அவர்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

‘கிளிட்ச்’ என்றும் ஒரு சொல் காதில் விழும். அது வேறா? பேச்சில் இரண்டையும் கலந்துதான் புழங்குகிறோம். நான் பிரித்துக்கொள்வது இப்படி: விரிசல் பக், அதனால் நம் கண்ணுக்குத் தெரியும் கோணல் கிளிட்ச். பையன் எழுதிய முதல் வடிவத்தில் வெட்டுப்பட்ட ஆடு கட்டத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொட்டால் நகராது, அதன் மேலேயே வேறு ஆட்டை வைக்கலாம். ஆவி மாதிரி. கணினியின் நினைவில் அந்தப் புள்ளி காலியாகிவிட்டது, திரையில் பழைய படத்தை அழிக்கத்தான் இவன் மறந்திருந்தான். எந்த ஆட்டத்துக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. உள்ளே எண்களாக இருக்கும் நிஜக் கட்டம் ஒன்று, நமக்காக வரைந்து காட்டும் கட்டம் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோது நமக்குப் பேய் தெரிகிறது.

முறை வைத்து ஆடும் ஆட்டங்களுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. முறை மாறவே மாறாது. கணினி யோசிக்கிறது, யோசிக்கிறது, டீ குடித்து இரண்டு வர்க்கியும் தின்று முடித்தாலும் யோசித்துக்கொண்டே இருக்கிறது. ‘ஏதாவது ஒரு புலியைத் தேர்ந்தெடு, நகர முடியாவிட்டால் வேறொன்றைத் தேர்ந்தெடு, நகரக்கூடியது கிடைக்கும்வரை விடாதே’ என்று எழுதியிருந்தான் பையன். மூன்று புலியும் அடைபட்டுவிட்டால்? கிடைக்கும்வரை விடாதே என்று சொல்லியாகிவிட்டது, கணினியும் விடவில்லை. நான் ஜெயித்த ஆட்டம் மார்கழியில் புல்தரை உறைகிற மாதிரி உறைந்து நின்றுவிட்டது. வெற்றியை எனக்கு அறிவிக்கக்கூட ஆள் இல்லை.

சரி, மறுபடி அந்தப் புலியிடம் வருவோம். 9-லிருந்து தாவினால் 20-க்குப் போகிறது. 8-லிருந்து தாவினால் 19. 10-லிருந்து 21. 11-லிருந்து 22. கோடு போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் புலி எந்தக் கோட்டில் ஏறியதோ அதே கோட்டின் அடியில் போய் இறங்குகிறது. முற்றிலும் தற்செயல். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு விதி மாதிரியே இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் அரை மணி நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘மலைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வருகிறது’ என்று விளக்கம் வேறு. 3-ல் நிற்கும் ஆட்டைக் காக்க ஒருவன் உச்சியில் இன்னொரு ஆட்டை வைத்துப் பார்த்தான். புலி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, உச்சி காலியா என்று எங்கேயும் சரிபார்க்கவில்லையே. இப்படி ஆட்டத்தின் ஓட்டையைத் தனக்குச் சாதகமாக்கி ஆடுவதை ‘எக்ஸ்பிளாய்ட்’ என்கிறார்கள்.

ஓட்டையில் உள்நோக்கம் தேடுவது சிறுவர்களின் பழக்கம் மட்டுமல்ல. 1997 மே மாதம் ‘டீப் புளூ’ என்ற ஐ.பி.எம். கணினியோடு உலக சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவ் ஆடினார். முதல் ஆட்டத்தின் 44-ஆவது நகர்த்தலில் கணினி யானையை எதற்கென்றே புரியாத ஒரு கட்டத்துக்கு நகர்த்தியது. மனிதர்களுக்கு எட்டாத தூரத்துக்கு முன்னால் பார்த்துத்தான் இப்படி ஆடியிருக்கிறது என்று காஸ்பரோவ் தரப்பு குழம்பியதாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் காஸ்பரோவ்தான் ஜெயித்தார், தொடரில் தோற்றார். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான மர்ரே கேம்ப்பெல் விஷயத்தை உடைத்தார். அது ஒரு பக். எதை ஆடுவது என்று முடிவெடுக்க முடியாமல் போனதும் நிரல் ஏதோ ஒரு நகர்த்தலைக் குருட்டாம்போக்கில் எடுத்திருக்கிறது.

இதைவிடப் பிரபலமான கதை ஒன்று காந்தியைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ளப் பழைய ஜீப்பின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99999 வரை ஓடிவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். அதே சக்கரத்தைச் சுழியிலிருந்து ஒரு பல் பின்னால் சுற்றினால் சட்டென்று 99999. கணினியிலும் ஒரு எண்ணுக்கு ஒதுக்கும் இடம் அளவானது. ஒரு பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் சின்ன இடம். எட்டு பிட் கொடுத்தால் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 255-உடன் ஒன்று கூட்டினால் 0. சுழியிலிருந்து ஒன்று கழித்தால் 255. உத்தி ஆட்டங்களில் தங்கம், படைபலம், கோபம், நட்பு என்று எல்லாமே எண்தான் என்பதால், இந்த மீட்டர் சுற்றும் கோளாறு அங்கே நிஜமாகவே அடிக்கடி தலைகாட்டும். கஜானா நிரம்பி வழிந்த அரசன் அடுத்த முறையில் ஓட்டாண்டி ஆகிவிடுவான்.

கதைக்கு வருகிறேன். 1991-ல் சிட் மெய்யர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் இந்தியாவின் தலைவராகக் காந்தி வருவார். அவருடைய மூர்க்க குணத்துக்கு 1 என்று எண் கொடுத்திருந்தார்களாம். நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் எல்லாத் தலைவர்களுக்கும் மூர்க்கம் 2 குறையுமாம். 1-இல் 2 போனால் −1, மீட்டர் பின்னால் சுற்றி 255. உடனே மகாத்மா அணுகுண்டு போட ஆரம்பித்துவிடுவாராம். அருமையான கதை. பாடம் நடத்துகிறவர்கள்கூட உதாரணமாகச் சொல்கிறார்கள். நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு பக் அந்த ஆட்டத்தில் இருக்கவே இல்லை. 2020-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் சிட் மெய்யரே இதை மறுத்து எழுதிவிட்டார். 2010-ல் வந்த ஐந்தாம் ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் காந்திக்கு அணுகுண்டு ஆசை அதிகமாக இருந்தது உண்மைதான். பத்துக்கு மேல் போகாத அளவுகோலில் அவருக்கு 12 என்று வடிவமைப்பாளர் குறும்பாக வைத்திருந்தார். அதாவது, வேண்டுமென்றே செய்தது. பழைய ஆட்டத்தின் பக் என்கிற கதை அதற்குப் பிறகுதான் இணையத்தில் பரவியது. இல்லாத பக்குக்கு இவ்வளவு கச்சிதமான விளக்கம் அமைந்துவிட்டதுதான் எனக்கு வேடிக்கை. மீட்டர் சுற்றும் விளக்கம் சரி, காந்திக்கு அதைப் பொருத்தியதுதான் தவறு.

பக் நிஜமாகவே இருந்தும் அது யார் கண்ணிலும் படாமல் போவதும் உண்டு. 1994-ல் டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடும் கணினிகளுக்கு வந்த முதல் ‘எக்ஸ்காம்’ ஆட்டத்தில் எந்தக் கடினநிலையைத் தேர்ந்தெடுத்தாலும், சற்று நேரத்திலேயே ஆட்டம் சத்தமில்லாமல் மிக எளிய நிலைக்கு இறங்கிவிடும். திரையில் எந்தக் கோணலும் இல்லை. ஆடியவர்கள் ‘ரொம்ப எளிதாக இருக்கிறதே’ என்றுதான் குறைபட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தை மிகக் கடினமாக்கிவிட்டார்கள். காய்ச்சலை அளக்காமலே மருந்தை இரட்டிப்பாக்கிய கதை.

பக் அல்லாததைப் பக் என்று திட்டுவது தனி ரகம். புதிதாக ஆடுகிறவர்கள் பாதி நேரம் இதில்தான் சிக்குவார்கள். உங்கள் வீரன் குறிபார்க்கிறான், 95 சதவீதம் படும் என்று திரை சொல்கிறது, சுட்டால் தப்பிவிடுகிறது. ‘மோசடி!’ என்று மனம் கத்தும். அப்படி இருபது முறை சுடுகிறீர்கள் என்று வையுங்கள். இருபதும் பட வேண்டுமானால் 0.95-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.36. ஆக, ஒன்றாவது தப்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், 64 சதவீதம். பட்ட பத்தொன்பதை மறந்து தப்பிய ஒன்றை மட்டும் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்போம். இந்த மனக்குறையை அறிந்து சில ஆட்டங்கள் நமக்குப் பொய்யே சொல்கின்றன. ‘ஃபயர் எம்பிளம்’ வரிசையில் பல ஆட்டங்கள் ஒரு தாயத்துக்குப் பதில் இரண்டை உருட்டிச் சராசரி எடுப்பதால், 90 என்று காட்டும் அடி உண்மையில் 98 சதவீதம் படும். அதைப் பக் என்று யாரும் புகார் செய்வதில்லை!

இன்னொன்று. சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சுடுகிறீர்கள், மறுபடியும் தப்புகிறது. பத்து முறை போனாலும் அதே. 2012-ல் வந்த ‘எக்ஸ்காம்’ ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கணினிக்கு நிஜமான தாயம் உருட்டத் தெரியாது. ‘விதை’ என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து தாறுமாறாகத் தோன்றும் எண்களை வரிசையாக முளைக்க வைக்கும். விதை ஒன்றென்றால் முளைப்பதும் ஒன்றேதான். அந்த விதையையும் சேர்த்தே சேமித்துவிடுகிறார்கள், தோற்றதும் பின்னால் ஓடி ஓடிச் சரிசெய்துகொள்ளக் கூடாதே என்று. வேறு வீரனை முதலில் சுடவிட்டால் பலன் மாறும்.

சேமிப்பு என்றதும் என் பழைய காயம் நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு தைலமரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்ட் போகும். ஒருமுறை மூன்று வாரமாக வளர்த்த சாம்ராஜ்யத்தை ஆட்டம் சேமித்துக்கொண்டிருந்த அந்த நொடியில் போனது. வந்த பிறகு திறந்தால் கோப்பு பாதிதான் இருந்தது. கரண்ட் போனது பக் அல்ல, விதி. ஆனால் புதியதை முழுக்க எழுதி முடிக்கும் முன்பே பழைய கோப்பை அழித்தது பக்தான். நல்ல நிரல் புதியதைத் தனியாக எழுதி முடித்து, அப்புறம்தான் பழையதன் இடத்தில் வைக்கும். புது வீட்டுக்குக் கூரை போடும் முன்பே பழைய வீட்டை இடிப்பார்களா?

ஆட்டத்தில் நிஜமாகவே ஒரு பக் கண்டால் என்ன செய்வது? முறை வைத்து ஆடும் ஆட்டம் காத்திருக்கும் என்று சொன்னேனே, அது இங்கே பெரிய வசதி. ஓடிப் பிடிக்கும் ஆட்டங்களில் கோளாறு கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். இங்கே முந்தைய முறையின் சேமிப்புக் கோப்பை எடுத்து, அதே காயை அதே இடத்துக்கு நகர்த்திப் பார்க்கலாம். மறுபடி வந்தால் பிடித்துவிட்டீர்கள். அந்தக் கோப்பையும், எந்த முறை, எந்தக் காய், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதையும் ஆட்டம் செய்தவர்களுக்கு அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. ‘ஆட்டம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. பையன் வந்து ‘புலி பறக்குது’ என்றபோது எனக்குப் புரியவில்லை. ‘9-லிருந்து 3-ஐ வெட்டினால் 20-க்குப் போகுது’ என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.

அன்று ராத்திரியே திருத்திவிட்டான். எண் சுழிக்குக் கீழே போனால் தாவலைத் தடு என்று ஒரு வரி. மறுநாள் காலையில் பெருமையாக ஆடக் கொடுத்தான். புலி 9-ல், ஆடு 3-ல், உச்சி காலி. தாவச் சொன்னேன், மறுத்துவிட்டது. 8, 10, 11, எங்கிருந்தும் மறுத்தது. பன்னிரண்டைக் கழித்தால் எல்லாமே சுழிக்குக் கீழே போகிறதே! பறக்கும் புலி நின்றுவிட்டது, கூடவே உச்சிக்குத் தாவ வேண்டிய புலியும் நின்றுவிட்டது. ஆனால் 12-இல் நிற்கும் புலி 6-ஐ வெட்டினால் சரியாக 0 வருகிறது. கோடே இல்லாத வழியாக அது மட்டும் ஜாலியாக உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஆறைக் கழிக்கிறதை விட்டுடு” என்றேன். “ஒவ்வொரு புள்ளிக்கும் எங்கே நகரலாம், எங்கே தாவலாம்னு தனித்தனியா எழுது.”

“இருபத்திமூணுக்குமா மாமா?”

கணக்கு நோட்டில் இரண்டு பக்கம் பிடித்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. பாட்டி வாசலில் கீறி வைத்திருந்த கட்டத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, 14-இலிருந்து கீழே போனால் 20-ஆ 19-ஆ என்று விரலால் தடவிக்கொண்டிருந்தான்.